சும்மா நிற்கிற மெஷின்

“கூட்டல் சரிதானே அம்மிணி? அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?”

மருதாசலம் துணிப்பையை மேஜைமேல் கவிழ்த்தார். உடைந்த கட்டர் ஒன்று. முறுக்கிக்கொண்டு பிய்ந்த ஒயர். தாறுமாறாகக் குடைந்த ஓர் அலுமினியத் தகடு.

சுகந்தி எதையும் தொடவில்லை.

கணபதி பகுதியில் அவளுக்கு இரும்பு அச்சு செய்கிற டை பட்டறை. அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எட்டாம் வகுப்பில் அவளுக்கு நாற்பத்தெட்டு மார்க் போட்டு, பக்கத்திலேயே ‘நிதானம் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதியவர். இன்றைக்கு அவள் வாத்தியார், அவர் மாணவர். இதில் யாருக்கு அதிகக் கூச்சம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் கதை நகராது.

“எதையும் எதையும் கூட்டுனீங்க சார்?”

“சின்னது நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுத்து. பெருசு ஆயிரத்தைந்நூறு. ரெண்டையும் ஒண்ணா ஓட்டுனேன். முப்பத்தோராயிரத்தைந்நூறு.”

“ரெண்டையுமா?”

“ஒண்ணு உசுரைக் குடுத்துச் சுத்தறப்ப இன்னொண்ணு சும்மா நிக்குமா? பாவமில்லையா?”

பெருசு என்பது அவர் வீட்டுக் கொட்டகையில் இருக்கும், உலோகம் குடைகிற பழைய மில்லிங் மெஷின். சின்னது, தச்சர்கள் மைக்கா ஓரம் சீவுகிற கை ரவுட்டர்.

ஊசி கனத்துக் கட்டருக்குப் பெரிய மெஷினின் வேகம் பத்தாது. ஐந்து கட்டர் உடைத்தபிறகு அது அவருக்கே தெரிந்தது. ‘ரவுட்டரைப் பெரிய மெஷினோட சக்குல, அந்தக் கவ்வுற வாயில, மாட்டுங்க’ என்று ஒரு பிராக்கெட்டும் செய்து கொடுத்தாள் சுகந்தி. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டார்.

பெரிய மெஷின் சுற்றியது. அதன் வாய் கவ்வியிருந்த ரவுட்டரும் உடம்போடு சேர்ந்து சுற்றியது. ஒயர் சுருண்டு அறுந்ததால் மனிதர் பிழைத்தார்.

“ஞாயித்துக்கிழமை மஞ்சுளா வந்துருவா,” என்றார். “இன்னும் நாலே நாள். ஒரு எழுத்துகூட வெட்டல.”

விஷயம் இதுதான். அவர் மனைவி தெய்வானையின் கண்ணைச் சர்க்கரை தின்றுவிட்டது. ஆள் தெரியும், எழுத்து தெரியாது. ஆனாலும் சமையலை விடவில்லை. மல்லித்தூளையும் சீரகத்தையும் மூக்கு சொல்லிவிடும். உப்பு, சோடா உப்பு, சீனி, ரவை நான்கும் மூக்குக்கு ஒன்றுதான். போன மாதம் உப்புமாவில் சோடா உப்பு விழுந்தது. அதை முதலில் வாயில் வைத்தது, ஓசூரிலிருந்து வந்திருந்த மகள் மஞ்சுளா.

“இனி அம்மா அடுப்படிக்குள்ள கால் வெக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போனாள். “அடுத்த தடவை ஒரு சமையக்காரம்மாவோடதான் வருவேன்.”

டப்பாக்களுக்கு ரப்பர் பேண்டு மாட்டிப் பார்த்தார் மருதாசலம். தெய்வானை உருவி எறிந்தாள். “நான் பள்ளிக்கூடம் போனவ. படிச்சுத்தான் எடுப்பேன்.”

அதற்குத்தான் தகடு. விரலால் தடவிப் படிக்கிற மாதிரி பெயர் குடைந்து, நான்கு மூடிகளுக்கு நான்கு தகடு.

மத்தியானம் சுகந்தியே கொட்டகைக்கு வந்தாள். ரவுட்டருக்கு வேறு ஒயர் போட்டாள். புதுக் கட்டர் மாட்டினாள். பெரிய மெஷினின் சுற்றுகிற கழுத்து அசையாமல் போல்ட்டை இறுக்கினாள். சின்னதை மட்டும் ஓட்டினாள்.

உய்ங் என்று கத்தியது. தகட்டில் ஒரு கோடு வழுக்கிக்கொண்டு போனது.

“பெருசு?” என்றார் அவர்.

“நிக்கட்டும்.”

“சும்மாவா?”

“சும்மாத்தான்.”

“கால் டன் இரும்பு அம்மிணி!”

அதற்குள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அடுப்படியில், எண்ணெய் சீறியது. மருதாசலம் போட்டது போட்டபடி ஓடினார். சுகந்தி இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள்.

அவர் தெய்வானையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். “கடுகு இந்தப் பக்கம். இல்ல இல்ல, இந்தப் பக்கம். மெதுவா. நான் போடறேன் விடு.”

“ஏனுங்க, என் கை எங்க போவுதுன்னு எனக்குத் தெரியோணும். நீங்க பிடிச்சா உங்க கைதான் தெரியுது.”

“பிடிக்காம உட்டா?”

“உட்டுத்தான் பாருங்களேன் ஒரு நாளைக்கு.”

கடுகு கருகியது. குற்றம் யார்மேல் என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். “என்ன கேட்டுட்டு இருந்தேன்? ஆங், பெருசு. அதையும் மெதுவா, ரொம்ப மெதுவா ஓட்டட்டுமா? ஒரு ஒத்தாசைக்கு?”

சுகந்தி பெரிய மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கட்டிங் பிளையரால் ஒயரை நறுக்கினாள். பிளக்கை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“அடப்பாவமே! எதுக்கு இது?”

“வெச்சுக்குங்க சார்.”

“அப்ப இந்தப் பெருசுக்கு என்னதான் வேலை?”

“ஆடாம நிக்கறது.”

“அது ஒரு வேலையா?”

“ரொம்பக் கஷ்டமான வேலைங் சார். உங்களுக்கு வராது.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நிதானம் இல்லாதவள்.

மருதாசலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரைபடத்தாளில் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாகக் குறித்து, பெரிய மெஷினின் மேடையை நகர்த்தும் கைப்பிடிகளைத் திருப்பி, சின்னதை வைத்தே வெட்டினார். எழுத்து விழுந்தது. விழுந்தது அவருக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

தாளின் ஓரத்தில் ‘முப்பதாயிரம் கூட்டல் பூஜ்யம்’ என்று எழுதினார். விடை வந்தது. காரணம் வரவில்லை.

சந்தேகத்தில், பெரிய மெஷினின் கழுத்து போல்ட்டைக் கால் சுற்று தளர்த்திப் பார்த்தார். அது கொஞ்சம், நம் கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆடியது. எழுத்து கோணிக்கொண்டு கட்டர் படக்கென்று உடைந்தது. மறுபடி இறுக்கினார். மறுபடி எழுத்து விழுந்தது.

பெரியதை ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும். அசையவில்லை. அதன் மூக்கில் சின்னது கத்திக்கொண்டே இருந்தது.

“இவ்வளவு பலத்தை வெச்சுட்டு...” என்று அதனிடமே சொன்னார். பிளக்கைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் நான்காவது தகட்டையும் ஒட்டி முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளா வந்தாள். பின்னால் மஞ்சள் பையோடு ஒரு சமையல்காரம்மா.

“உக்காருங்க ரெண்டு பேரும்,” என்றாள் தெய்வானை. “உப்புமா கிண்டறேன்.”

“அம்மா, உப்புமாவேவா?”

“உப்புமாவேதான்.”

மஞ்சுளா உட்காரவில்லை. அடுப்படி வாசலில் அப்பா பக்கத்தில் நின்றாள். ரவை வறுபட்டது. தண்ணீர் கொதித்தது. தெய்வானையின் கை அலமாரிக்குப் போனது. நான்கு டப்பாக்களில் சோடா உப்பு டப்பாவில் போய் விழுந்தது.

மருதாசலத்தின் கால் கிளம்பிவிட்டது. சட்டைப் பைக்குள் இருந்த கை நீண்டுவிட்டது.

நீண்ட கையில் பிளக் இருந்தது.

அவர் அதைப் பார்த்தார்.

“அப்பா, அது சோடா! பிடிங்கப்பா!”

அவர் பிடித்தார். நிலைச்சட்டத்தை. இரண்டு கையாலும்.

விரல் மூடியின்மேல் ஓடியது. நின்றது. திரும்ப முதலிலிருந்து ஓடியது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

“முதல் எழுத்துலயே கொம்பு இருக்குது,” என்றாள் தெய்வானை. “சோடா.” அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். தடவினாள். திறந்தாள். போட்டாள்.

பிறகு தலையை வாசல் பக்கம் திருப்பினாள்.

“ஏனுங்க, எங்க போனீங்க? சத்தத்தையே காணோம்.”

“இங்கதான்.”

“என்ன பண்றீங்க?”

“வேலையா இருக்கேன்,” என்றார் மருதாசலம்.