அதிர்வு மாமன் இளைத்துப்போன கதை

பாறைகளுக்கும் வாய் இருந்து, அவை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செதிலாயி என்றோர் எறும்புதின்னி அழுங்கு இருந்தாள். உடம்பெல்லாம் செதில், கையெல்லாம் நகம், மனமெல்லாம் கவலை. அவள் வளை தோண்டுவாள், குமுறன் வருவான், வளை இடிந்து விழும்.

இந்தக் குமுறன் பூமியின் ஆழத்தில் குடியிருந்த அதிர்வு. பாறைகளுக்குத் தாய்மாமன். நினைத்துக்கொண்டால் போதும், கூடை நிறையப் பலத்தை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு, மருமக்களைப் பார்த்துவிட்டு அப்படியே மேலே வருவான். வந்ததும் கூடையைக் கொட்டி ஓர் ஆட்டம் போடுவான். அப்போது கருங்கல், சுண்ணாம்புக்கல், மணற்கல் மூவரும் கூட்டுக்குடும்பம். ஒரே வாசல், ஒரே அடுப்பு. வாசலில் ஒரு கைப்பிடி பலத்தைத் தாய்மாமன் சீராக வைத்தால் மாமன் கடமை முடிந்தது.

செதிலாயிக்கு இப்போது நிறைமாதம். இந்தத் தடவையும் வளை இடிந்தால் குட்டி பிழைக்காது. பயத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“மாமா, கொஞ்சம் மெதுவா ஆடக்கூடாதா?” என்று கெஞ்சிப் பார்த்தாள்.

“மெதுவா ஆடினா அதுக்குப் பேரு ஆட்டமா தாயி?” என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனான் குமுறன்.

இவனிடம் பேசிப் பயனில்லை என்று அவள் மணற்கல்லிடம் போனாள். அவன் கடைக்குட்டி, ரோஷக்காரன்.

“ஏன் தம்பி, மாமன் கொண்டு வர்ற சீரை உன் கண்ணுல காட்டுறாங்களா?”

மணற்கல் யோசித்தான். “காட்டலையே அக்கா.”

“எனக்கென்ன, சும்மா கேட்டேன்” என்று நைசாக நகர்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. மணற்கல் சுண்ணாம்புக்கல்லைக் கேட்க, அவன் கருங்கல்லைக் கேட்க, மூத்தவன் “நானா தின்னு தீர்த்தேன்?” என்று எகிற, பொழுது சாய்வதற்குள் மூவரும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். ஒருவன் மேல் ஒருவன் வீடு, நடுவே சுவர், ஆளுக்கொரு வாசல். குடும்பத்தைப் பிரித்துவிட்டோமே என்று செதிலாயிக்கு உறுத்தத்தான் செய்தது. வயிற்றைத் தடவிக்கொண்டு வளை தோண்டப் போய்விட்டாள்.

அவள் குட்டி போட்ட கையோடு குமுறன் கிளம்பினான். முதலில் கருங்கல் வீடு. கூட வந்த துடுக்கான குட்டி அதிர்வுகள் அங்கேயே ஓடியாடிக் களைத்துச் சுருண்டுவிட்டன. சீராக வாங்கிய பலத்தைக் கருங்கல் சேர்த்தா வைத்தான்? தீயாக மூட்டிக் குளிர்காய்ந்தே தீர்த்தான்.

சுண்ணாம்புக்கல் வாசலில் தகராறு. “அண்ணனுக்கு அள்ளிக் குடுத்துட்டு எனக்குக் கிள்ளிக் குடுக்குறீங்களா? நீங்களே வச்சுக்குங்க!” என்று கூடையில் பாதியை வந்த வழியே கீழே தள்ளிவிட்டான். கொஞ்சத்தை மட்டும் மறக்காமல் உள்ளே எடுத்துப்போனான்.

மணற்கல்லோ தன் மணல்மணிகளை வரிசையாக நிறுத்திவிட்டான். “இவனுக்கு மாமா... இவனுக்கு... அந்தக் கடைசியில நிக்கிறானே, அவனுக்கு?” ஒருவனை விட்டாலும் தாய்மாமனுக்கு என்ன மரியாதை? குமுறன் கொடுத்துக்கொண்டே வந்தான்.

மேலே செதிலாயி குட்டியை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். வளைக் கூரையிலிருந்து ஒரு சிட்டிகை மண் அவள் மூக்கில் விழுந்தது. தும்மினாள். அந்தத் தும்மலில் உதிர்ந்த மண் அதைவிட அதிகம்.

எட்டிப் பார்த்தாள். குமுறன் காலிக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“ஆடலையா மாமா?”

“நிக்கவே தெம்பில்ல தாயி. சொந்தக்காரங்க வீட்டையெல்லாம் தாண்டி வர்றதுன்னா லேசா?”

அவளுக்குப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. குட்டி நிம்மதியாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

பாறைகள் அதன்பின் சேரவேயில்லை. குமுறன் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் பாடு இன்றும் திண்டாட்டம்தான். கூடை நிறைந்திருக்கும்போதே போய் நிற்பான். ஆனால், எங்கோ ஆழத்தில் உறுமிக்கொண்டு கிளம்பும் அதிர்வு, அடுக்கடுக்கான பாறைகளைத் தாண்டி நம் வீட்டுக்கு வரும்போது, அலமாரியிலிருக்கும் தம்ளரைக் கிணுகிணுவென்று ஆட்டிவிட்டு அடங்கிப்போகிறதே, அது அன்று முதல்தான்.