ஐந்து நாட்டுக்கு ஒரே காசு

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குப் பொழுது போகாமல் இருந்த காலத்தில், ஐந்து நாட்டு மன்னர்கள் கூடி, இனி எல்லோருக்கும் ஒரே காசு என்று பேசிவைத்தார்கள். ஓலையில் முத்திரை வைப்பது மட்டும் பாக்கி. காசை வடநாட்டில் அடிப்பதாம். எவ்வளவு அடிப்பது என்பதை ஐவரும் சேர்ந்து முடிவு செய்வதாம். நம் கதையின் மன்னருக்கு ஒரே கவலை, காசில் தம் முகம் இருக்குமா என்பதுதான். முகம் இருக்கும், முகம் இருக்கும்வரை நாடும் தங்களுடையதே என்று சத்தியம் செய்தார் பொக்கிஷ அதிகாரி விருத்தகிரி. மன்னருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

விகடகவி செண்டலங்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா? "முகம் இருந்தால் போதுமா மன்னா, பிடி யார் கையில் என்று கேட்டீர்களா?" என்றுவிட்டான்.

விருத்தகிரி இதற்காகவே காத்திருந்தவர். இவன் தங்கள் முகத்தையே இளக்காரமாகப் பேசுகிறான் என்று பற்றவைத்தார். காசு ஒன்றுகூட அடிக்காமல், அந்த ஒப்பந்தம் நடக்கும் விதத்தை நாளை மதியத்துக்குள் கண்ணுக்கு முன் காட்ட வேண்டும், தவறினால் நாட்டை விட்டே போக வேண்டும் என்று மன்னர் உத்தரவிட்டார். செண்டலங்காரன் சபையை விட்டு வெளியே வந்தான். பிறந்த ஊரை விட்டு எங்கே போவது? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று நொந்தபடி நடந்தவன், அரண்மனைச் சமையற்கட்டின் வாசனை மூக்கில் ஏறியதும் நின்றான். நேரே அரசியிடம் போய், ஒரு வேளைக்கு மட்டும் அந்தச் சமையற்கட்டைத் தன் பொறுப்பில் கேட்டு வாங்கினான்.

மறுநாள் மதியம் மன்னருக்கு நல்ல பசி. அவர் முகம் பொறித்த பொன்தட்டு வந்தது. பூரித்துப்போனார். அதில் ஊற்றப்பட்டது உப்பில்லாத கஞ்சி.

"என்ன இது?"

"ஒப்பந்தப்படி சமைத்தது, மன்னா. முத்திரை வாங்க வந்து விருந்தினர் மாளிகையில் தங்கியிருக்கும் நான்கு நாட்டுத் தூதர்களுக்கும் தங்களுக்கும் இன்று ஒரே அடுப்பு. கரண்டி வடநாட்டுத் தூதர் கையில். அவருக்கு வயிறு சரியில்லை."

உப்பாவது கொண்டுவா என்றார் மன்னர். அதற்கு ஐவரும் சம்மதிக்க வேண்டும் என்று செண்டலங்காரன் கைகட்டி நின்றான். ஒரு தூதர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்குகிறாராம், இன்னொருவர் கோயிலுக்குப் போயிருக்கிறாராம். மன்னர் தட்டைப் பார்த்தார். அவர் முகம் கஞ்சிக்குள் மூழ்கிக் கிடந்தது.

"அப்படியானால் சேரவே கூடாது என்கிறாயா?" கோபம் தணிந்து, அவருக்கு அறிந்துகொள்ளும் ஆவல் வந்திருந்தது.

"ஒரே அடுப்பென்றால் விறகு மிச்சம்தான், மன்னா. சேர்வதும் சேராததும் தங்கள் சித்தம். ஆனால் பஞ்ச காலத்தில் நம் குடிகளுக்கு இன்னொரு கரண்டி வேண்டுமென்றால், யாரிடம் போய் நிற்பது? அதை மட்டும் இன்றே பேசிக்கொள்ளலாம்."

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டு, தூதர்களோடு பேசும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்தார். பிறகு கஞ்சித் தட்டை விருத்தகிரி பக்கம் தள்ளி, "என் முகம் தெரியும்வரை குடியும்" என்றார்.