அடுக்களைக்குள்ள ஒரு சர்வே முளை

அந்தத் திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு கழுகுப்பாறையில ரெண்டு காரியம் ஒரே நேரத்துல நடக்க இருந்துச்சு. ஒண்ணு, புதுசா கட்டுன அலுமினிய ஃபேக்டரியோட சிம்னியில முதல் புகை வரப் போகுது. இன்னொண்ணு, தவசி முப்பதாவது படத்தை எடுக்கணும்.

ரெண்டு இடத்துலயும் ஒரே ஆளு நிக்க முடியாது. அதான் விடிஞ்சதுல இருந்து தவசி மணியையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

தவசி அங்க கிரேன் டிரைவர். சிம்னிக்கு மேல ஏறுன ஒவ்வொரு வளையமும் அவன் தூக்கிக் குடுத்ததுதான். அடுத்த வாரம் கிரேனைக் கழட்டி லாரியில ஏத்தி வேற சைட்டுக்கு அனுப்புறாங்க, கூடவே அவனும் போகணும். கட்டுறவங்களுக்கு குவார்ட்டர்ஸ் கிடையாது, தகரக் கொட்டாய்தான். அவன் இந்த ஊர்ல இருந்தான்னு சொல்ல மிஞ்சப் போறது ஃபேக்டரி வாசல் ஹால்ல வரிசையா மாட்டியிருக்கிற போட்டோ மட்டும்தான். இருபத்தொம்பது மாட்டியாச்சு. முப்பதாவது இடம் காலி. அதுக்குக் கீழ அவன் பேரு எழுதுன அட்டைகூட ஒட்டியாச்சு.

கிரேன் பசங்க எல்லார்கிட்டயும் சொல்லியும் வெச்சுட்டான், முப்பதாவது படத்துல புகை இருக்கும்டான்னு.

இந்தப் பைத்தியத்தை அவனுக்குப் பிடிக்க வெச்சது எஸ்தர் மேடம். சர்வே ஆபீஸ்ல டிராயிங் போடுறவங்க. வயசுல அவனைவிட ஏழு வருஷம் சின்னவங்க, ஆனா போட்டோ விஷயத்துல அவனுக்கு குரு. அவங்க இவனை அண்ணேம்பாங்க, இவன் அவங்களை மேடம்பான். கேன்டீன்ல இதை வெச்சே ஓட்டுவாங்க, தவசிக்கு எந்த சிலேட்டு வாங்கித் தரலாம்னு.

முதநாள் அவன் போய்க் கேட்டது இவ்வளவுதான்.

"நல்ல படம் எப்படி மேடம் எடுக்கிறது?"

மேடம் கேமரா ஸ்டாண்டைத் தூக்கி அவன் தோள்ல வெச்சுட்டு முன்னாடி நடந்தாங்க. முள்ளுக்காட்டுக்கு நடுவுல ஒரு மேடு. அங்க ஒரு இரும்பு முளையை அடிச்சு, தலையில செவப்பு பெயிண்ட் வெச்சாங்க. மாசத்துல முதல் திங்கக்கிழமை, காலை பத்து மணி, ஸ்டாண்டுல தொங்குற தூக்குக்குண்டு முளைக்கு நேர் மேல நிக்கணும், கேமரா சிம்னி வரப்போற பக்கம் பார்க்கணும். ஒரே ஒரு கிளிக்.

"ரெண்டு எடுத்தா என்ன மேடம்?"

"ரெண்டு எடுத்தா எது நல்லாருக்குன்னு பார்க்கத் தோணும்ணே."

மொத மாசம் முள்ளு. ரெண்டாவது மாசம் முள்ளு. மூணாவது மாசம் முள்ளும் ஒரு புல்டோசரும். தவசி நொந்துட்டான். எட்டாவது மாசம் மேடம் எல்லாப் படத்தையும் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி, கட்டைவிரலால சர்ருனு விட்டுக் காட்டுனாங்க. பின்னாடி மலை ஆடாம அசையாம நிக்குது. முன்னாடி முள்ளு ஓடுது, குழி வாயைத் திறக்குது, கம்பி முளைக்குது, சிம்னி தரைக்குள்ள இருந்து எழுந்திரிச்சு வருது. தவசி அதை வாங்கி இருபது தடவை ஓட்டினான். கேன்டீன்ல அவன் தட்டுச் சோறு காஞ்சு போச்சு. அன்னையில இருந்து முதல் திங்கக்கிழமைன்னா அவனுக்கு தீபாவளி.

அப்புறம்தான் வினை வந்துச்சு. ஃபேக்டரியில வேலைக்கு வரப்போறவங்களோட குவார்ட்டர்ஸுக்கு அஸ்திவாரம் தோண்டுன இடத்துல பாறை. வரிசையையே நாப்பது அடி கிழக்க தள்ளிட்டாங்க. அந்தப் புது டிராயிங்கைப் போட்டதே எஸ்தர் மேடம்தான். சி-14ஆம் நம்பர் வீடு சரியா முளை மேல வந்து உக்காந்துச்சு.

தவசி மேடம்கிட்ட ஓடினான். நம்ம முளைமேல வீடு வருதே, கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கக் கூடாதான்னு கேட்டான்.

"முளைக்காக வீட்டைத் தள்ளுறதாண்ணே?"

சுவர் ஏற ஏற சிம்னி மறைஞ்சுது. இருபத்துநாலாவது மாசம் தவசியால தாங்க முடியல. யாருக்கும் தெரியாம ஸ்டாண்டை இருபது அடி தள்ளி வெச்சு எடுத்துட்டான். அருமையான படம். சிம்னி, மேகம், அவன் கிரேன், எல்லாம் இருந்துச்சு. மேடம் நெகடிவை வாங்கி, போன மாசத்து நெகடிவ் மேல வெச்சு வெளிச்சத்துல பார்த்தாங்க.

"மலை நகர்ந்திருக்கேண்ணே. வெடி வைக்கிற டிபார்ட்மென்ட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

கிழிச்சுப் போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. மேடம் அதை அப்படியே ஹால்ல மாட்டிட்டாங்க. வரிசையாப் பார்த்துக்கிட்டு வர்றவங்க அந்த ஒரு படத்துக்கிட்ட மட்டும் கால் தடுக்குன மாதிரி நிப்பாங்க. அதுக்கப்புறம் தவசி ஸ்டாண்டை ஒரு அங்குலம் தள்ளல. இருபத்தஞ்சாவது படம் செங்கல், இருபத்தாறு செங்கல், இருபத்தேழு பூச்சு, இருபத்தெட்டு வெள்ளை, இருபத்தொம்பது அதே வெள்ளை. யாரோட மாமியார் வீட்டுச் சுவருடா இதுன்னு கிரேன் பசங்க கேட்டாங்க.

முளையை மட்டும் யாரும் தொடல. சைட்டுல அது ஒரு பயம். செவப்பு பெயிண்ட் வெச்ச சர்வே முளையை, சர்வே ஆபீஸ் கையெழுத்துப் போட்ட லெட்டர் இல்லாம எவனும் பிடுங்க மாட்டான். தரை போட்ட கொத்தனாரும் அதைச் சுத்தி சிமெண்டைத் தடவிட்டுப் போயிட்டாரு. இப்ப அது சி-14 அடுக்களைத் தரையில ஒரு ரூபாக் காசு அளவுக்குச் செவப்பா நிக்குது.

திங்கக்கிழமை ஒன்பதரைக்குத் தவசி சர்வே ஆபீஸ் வாசல்ல நின்னான்.

"மேடம், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வெளிய நின்னு எடுத்துக்கிறேன். புகை ஒரு தடவைதான் மொத தடவையா வரும். செவுரு எங்க போயிடப் போகுது?"

மேடம் ஸ்டாண்டை எடுத்து அவன் தோள்ல வெச்சாங்க.

"கதவைத் தட்டிட்டு உள்ள போங்கண்ணே. வீட்டுக்கு ஆள் குடிவந்தாச்சு."

ஊரே ஃபேக்டரி பக்கம் ஓடுது. பேண்டு வாசிக்கிறாங்க. தவசி மட்டும் எதிர்ப்பக்கமா நடந்தான். பாதி வழியில ரெண்டு தடவை நின்னான். ஒரு தடவை திரும்பிப் பத்தடி ஃபேக்டரி பக்கம் நடந்தே போயிட்டான். அப்ப ஹால்ல தடுக்கி நிக்கிற ஜனங்க ஞாபகத்துக்கு வந்தாங்க. திட்டிக்கிட்டே திரும்பி வந்து சி-14 கதவைத் தட்டினான்.

மூணு நாளைக்கு முன்னாடி குடிவந்த மைமூன் கதவைத் திறந்தா. மேடம் ஏற்கெனவே வந்து சொல்லியிருந்தாங்களாம். முளை மேல வெச்சிருந்த மாவு டின்னை நகர்த்திக் குடுத்தா. அந்தச் சனியன்ல நேத்துகூட கால்விரலை இடிச்சுக்கிட்டேன், இதைப் பிடுங்க யாருகிட்ட லெட்டர் வாங்கணும்ணேன்னு கேட்டா.

தவசி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டான். கேமராவைச் சிம்னி பக்கமாத் திருப்பினான். எதிர்ல அதே வெள்ளைச் சுவர். சுவருக்கு அடியில இப்ப புது மண்ணடுப்பு, அதுமேல ஒரு பானை. மைமூன் குனிஞ்சு ஊதிக்கிட்டு இருந்தா.

புகை பார்க்க எல்லாரும் போயிருக்காங்களே, நீங்க போகலயான்னு தவசி கேட்டான். வீட்டுக்காரரு ஃபேக்டரி உலையிலதான் இருக்காரு, இன்னைக்குப் பத்த வைக்கிறதே அவரு பேட்ச்சுதான்னு சொன்னா. போய்ப் பார்க்க ஆசைதான், ஆனா மத்தியானம் வந்து சோறு கேப்பாரே, மூணு நாளா கேன்டீன் சோறு, இந்த வீட்டுல உலை வைக்கிறதே இன்னைக்குத்தான், இந்தப் பச்சை விறகு பத்தவே மாட்டேங்குதுன்னா.

உள்ள வெளிச்சம் கம்மி. ஒரு செகண்டாவது திறந்து வைக்கணும்னு தவசி கணக்குப் போட்டான். அம்மா, பத்து மணிக்கு ஃபேக்டரி சங்கு ஊதறப்ப ஒரு செகண்ட் ஆடாம இருங்கன்னு கெஞ்சினான். சரிண்ணேன்னா.

சங்கு ஊதுச்சு. வெளிய அஞ்சாயிரம் பேரு ஓன்னு கத்துறாங்க. சரியா அந்த நேரத்துல விறகு குபுக்குனு பத்திக்கிச்சு. அடுக்களை முழுக்கப் புகை. மைமூன் இருமிக்கிட்டே சிரிச்சுட்டா. தவசி விரல் தானா அமுக்கிடுச்சு.

ஸ்டாண்டை அப்படியே போட்டுட்டு வாசலுக்கு ஓடினான். கூரைகளுக்கு மேல, சிம்னி உச்சியில இருந்து வெகுதூரத்துல, பஞ்சு மாதிரி ஒண்ணு மலையைத் தாண்டிப் போய்க்கிட்டு இருந்துச்சு. மொத புகை போயாச்சு.

மத்தியானம் இருட்டு ரூம்ல தவசி படத்தைக் கழுவினான். செவப்பு விளக்குக்குக் கீழ காகிதத்துல மொதல்ல பானை வந்துச்சு, அப்புறம் அடுப்புத் தீ, அப்புறம் புகைக்குள்ள ஒரு சிரிப்பு. முகம் லேசா கலைஞ்சிருந்துச்சு, பல்லு மட்டும் பளிச்சுனு இருந்துச்சு. தவசி ஒரு நிமிஷம் காகிதத்துக்குக் கிட்ட குனிஞ்சு அதையே பார்த்தான். அப்படி ஒரு படம் அவன் எடுத்ததே இல்ல. அடுத்த நிமிஷம் ஹாலும் காலி இடமும் கிரேன் பசங்களும் ஞாபகத்துக்கு வந்துட்டாங்க.

மேடம் ஈரப் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"இதுல சிம்னி இல்ல மேடம். கிரேன் இல்ல, ஃபேக்டரி இல்ல, மலைகூட இல்ல. நான் அடுத்த வாரம் போயிடுவேன். ஹாலுக்கு வர்றவங்க உங்களைத்தான் கேப்பாங்க, முப்பது மாசமா அந்த தவசியெல்லாம் சேர்ந்து என்னத்தைக் கட்டினாங்கன்னு. என்ன சொல்லுவீங்க?"

மேடம் படத்தைக் கொடியில கிளிப் போட்டு மாட்டினாங்க. கையைச் சேலையில துடைச்சுக்கிட்டாங்க.

"இதைத்தான்னு சொல்லுவேண்ணே."