மூன்று கோட்டை முடிச்சு

முன்னொரு காலத்தில் செங்காட்டு நாட்டைக் கோடைமல்லன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பார். சாயங்காலம் அவன் தும்மிவிட்டான் என்று அதைப் பிடுங்கிக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷர்.

நாட்டுக்கு மூன்று எல்லைக் கோட்டைகள். தளபதிகள் கோட்டையை விட்டு நகர முடியாது. ஆகையால் போர்த்திட்டத்தை ஓட்டக்காரர்கள் கோட்டை கோட்டையாகக் கொண்டுபோக, தளபதிகள் ஆளுக்கோர் ஓலை எழுதிச் சேர்ப்பார்கள். அதில் யாரும் கைவைக்காதிருக்க மந்திரி குழைக்காதர் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தார். ஒவ்வொரு தளபதியும் தனக்கு முன்னால் உள்ள ஓலைகளையும் தன் ஓலையையும் சேர்த்து எழுத்துகளை எண்ணி, தன் ரகசிய எண்ணால் வகுத்து, மிச்சம் எத்தனையோ அத்தனை முடிச்சைத் தன் ஓலைக் கயிற்றில் போட வேண்டும். அவரவர் எண் அவருக்கும் மந்திரிக்கும் ராஜாவுக்கும் மட்டுமே தெரியும்.

அந்த வருஷத் திட்டம் கடைசிக் கோட்டையில் முத்திரையிட்ட கட்டாக வந்தது; ஓலை அதிகாரி மங்கலராயன் அதைப் பிரித்து, மறுநாள் சபையில் வாசித்தான். முதல் ஓலை வடகோட்டைத் தளபதி வயிரவனுடையது. அதன் கடைசி வரியைக் கேட்டதும் ராஜாவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

“பகைவர் வந்தால் வடக்கு வாசலைத் திறந்துவைப்பேன்.”

அந்த வயிரவனைத்தான் சேனாதிபதியாக்க இருந்தார் ராஜா. மங்கலராயனோ அந்தப் பதவியைத் தன் மைத்துனனுக்குக் கேட்டு அலுத்துப்போனவன். வயிரவனை விலங்கு போட்டு இழுத்துவந்தார்கள். தான் அப்படி எழுதவே இல்லை என்று அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தலையை வாங்கிவிடுங்கள் என்று ராஜா குதித்தார்.

குழைக்காதர் ஓலையை வாங்கி எண்ணிப் பார்த்தார். “வயிரவன் முடிச்சு சரியாகத்தான் இருக்கிறது, மகாராஜா” என்றார்.

மந்திரி மறுத்துச் சொல்வார் என்று ராஜா உள்ளூர நம்பியிருந்தார். மங்கலராயன் மீசையைத் தடவிக்கொண்டான்.

மந்திரி மற்ற இரண்டு ஓலைகளையும் எடுத்தார். அவர்கள் மேல்தான் குற்றமே இல்லையே என்றான் மங்கலராயன். அவர்கள் வயிரவன் ஓலையையும் சேர்த்துத்தானே எண்ணியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே மந்திரி எண்ணினார். இரண்டாம் ஓலையின் முடிச்சு பொருந்தவில்லை. மூன்றாவதும் பொருந்தவில்லை. அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு எண்ணினால் இரண்டும் பொருந்தின.

“மூன்று பேரும் எழுதி முடித்த பிறகுதான் இந்த வரி முளைத்திருக்கிறது. முத்திரையிட்டு வந்த கட்டைப் பிரித்தவர் மங்கலராயர் ஒருவரே. வயிரவன் எண் தெரிந்ததால் அவன் முடிச்சை மட்டும் மாற்றிக் கட்டிவிட்டார். மற்ற எண்கள் அவருக்குத் தெரியாது.”

“அந்த எண் உனக்கு எப்படித் தெரியும்?” என்று ராஜா கர்ஜித்தார்.

மங்கலராயன் முகம் வெளிறிப்போய்த் தரையைப் பார்த்தான். “மகாராஜாதான் சொன்னீர்கள்.”

ராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, மகாராஜாவுக்கு உள்ள ஞாபகசக்தி யாருக்கு உண்டு என்று இவன் புகழ்ந்தான். அதை நிரூபித்துக் காட்ட அவரே வயிரவன் எண்ணை உளறியிருந்தார். ஒரு முகஸ்துதிக்காக ஒரு நல்லவன் தலை போக இருந்தது. அவரே வயிரவனின் விலங்கைக் கழற்றினார்; அதையே மங்கலராயனுக்குப் பூட்டச் சொன்னார். பிறகு மந்திரியிடம், வேண்டியதைக் கேளும் என்றார்.

“மூன்று எண்களையும் இன்றே மாற்ற வேண்டும். புதிய எண்கள் மகாராஜாவுக்குத் தெரியக் கூடாது.”

சபை விறைத்துப்போனது. ஒரு காவலனின் கை தானாகவே வாளுக்குப் போயிற்று. ராஜா அந்தக் காவலனைக் கையமர்த்தினார். அப்புறம் தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார்.

“நான் அதட்டிக் கேட்டாலும் சொல்லாதீர்” என்றார்.