கட்டம் இல்லாத பாம்பு

ஆலங்காட்டுக் குட்டையில் தெப்பி என்றொரு தவளை இருந்தது. போன மழைக்கு அதன் பிள்ளைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உடம்பெல்லாம் கட்டம் போட்ட தண்ணீர்ப் பாம்பு ஒன்று வந்து, பாதிக் குட்டையை விழுங்கிவிட்டுப் போனது.

அப்புறம்தான் தவளைகளுக்குப் புத்தி வந்தது. பாம்பு உரித்துப் போட்ட சட்டையை இழுத்து வந்து பிள்ளைகளின் மேல் தேய்த்தன. பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க நடுங்கிக் கிடக்கும். மறுநாள் எழுந்துவிடும். ஆனால் அந்தக் கட்டத்தை ஆயுசுக்கும் மறக்காது. கண்டால் ஒரே தாவல். நாம் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறோமே, அதே கதைதான். கடிக்க முடியாத பாம்பைக் காட்டி, கடிக்கிற பாம்புக்குத் தயார் செய்வது.

கட்டப் பாம்பு மறுபடி வந்து, பட்டினியோடு திரும்பியது. குட்டையே கொண்டாடியது. தெப்பிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"அடுத்தது வேற தோலோட வந்தா?" என்று தலைவன் பானையனிடம் கேட்டது.

பானையன் வயிறு குலுங்கச் சிரித்தது. "வந்த பாம்பை விரட்டியாச்சு. வராத பாம்புக்கு இப்பவே எதுக்கு ஆட்டம்? பிள்ளைங்களை இன்னொரு நாள் நடுங்க வைக்கவா?"

"வந்த பிறகு தோல் தேட நேரம் இருக்காதுண்ணே."

"போ போ, உன் வேலையப் பாரு."

தெப்பி தன் வேலையைத்தான் பார்த்தது. அதன் புதுப் பிள்ளைகளுக்குக் கால் முளைத்துவிட்டது, வால் சுருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்றே நாளில் கரையேறிவிடும். அதற்குள் ஒரு வழி கண்டாக வேண்டும்.

உச்சி வெயிலில் புற்றடிக்குப் போனது. சுற்றியிருந்த முள்செடிகளில் முப்பது பாம்புச் சட்டைகளாவது மாட்டிக் கிடந்தன. கோடு போட்டது, புள்ளி வைத்தது, ஒன்றுமே இல்லாதது. எத்தனையைத்தான் தேய்ப்பது? முப்பது நாள் நடுங்கினால் பிள்ளை பிழைக்குமா? தெப்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது புற்றிலிருந்து ஒரு தலை நீண்டது.

அசைந்தால் தீர்ந்தது. தெப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டது. நடுவில் ஒரு முழம்கூட இல்லை. பாம்பு பார்த்தது, தெப்பியும் பார்த்தது. கண் எரிந்து தெப்பி இமைத்தது. பாம்பு இமைக்கவில்லை. தெப்பி மறுபடி இமைத்தது. பாம்பு இமைக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் தலை உள்ளே போய்விட்டது.

தெப்பி உடனே சட்டைகளைப் புரட்டியது. கோட்டுச் சட்டையோ புள்ளிச் சட்டையோ, கண் இருந்த இடத்தில் ஒரே மாதிரி வட்டம். இமை மடிப்பே இல்லை. தோலை எப்படி மாற்றினாலும் பாம்பால் இதை மாற்ற முடியாது!

தலைப் பக்கத்தை மட்டும் கடித்து எடுத்துக்கொண்டு ஓடியது. தன் பிள்ளைகளுக்கும், கேட்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அந்த வட்டத்தைத் தேய்த்தது. "இமைக்காத கண்ணைக் கண்டா தாவிடணும்" என்று சொல்லிச் சொல்லி வைத்தது. பானையன் தன் பிள்ளைகளை அனுப்பவில்லை.

ஐந்தாம் நாள், கரையோரப் புங்கமரத்திலிருந்து பச்சைக் கொடி ஒன்று தொங்கியது. கீழே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. கொடி கொஞ்சம் இறங்கியது. காற்றே இல்லை. தெப்பியின் கடைக்குட்டி கொடியின் நுனியைப் பார்த்தது. அங்கே ஒரு கண். குட்டி ஒரு தரம் இமைத்தது, இரண்டு தரம் இமைத்தது. அந்தக் கண் இமைக்கவில்லை.

"பாம்பு!"

வட்டம் தேய்த்த பிள்ளைகள் அத்தனையும் தண்ணீருக்குள் பாய்ந்தன. பானையனின் மூத்த பிள்ளை மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நின்றது. "கட்டமே இல்லையே, இது எப்படிப் பாம்..."

அதற்கு மேல் அது பேசவில்லை.

அன்று மாலை பானையன் மிச்சப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெப்பியிடம் வந்து நின்றது. தெப்பி அந்த வட்டத் தோலை எடுத்து முதல் பிள்ளையின் மேல் தேய்க்க ஆரம்பித்தது.

நோயும் பாம்பு மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு வரும். போன நோய்க்கு மருந்து இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாமல், வரப்போகிற நோய்க்கும் இன்றே மருந்து தேடுகிறவர்தான் பிள்ளைகளைக் காப்பாற்றுவார்.