கொக்கு சொன்ன சிமிலி

காட்டுக் குளத்தில் வெள்ளையம்மாள் என்றொரு கொக்கு இருந்தாள். அங்கிருந்த குஞ்சு குட்டிகளுக்கெல்லாம் கதை சொன்னவள் அவள்தான். பிறகு ஒரு மைனா வந்தாள். அவ்வளவுதான், எல்லாம் மைனா பக்கம் சாய்ந்துவிட்டன.

மைனாவின் கூடு பக்கத்து ஊர்க் கல்லூரியின் ஜன்னல் மேல் இருந்தது. உள்ளே நடந்த ஆங்கில இலக்கிய வகுப்பைக் கேட்டுக் கேட்டு, பாட்டிலும் கதையிலும் வரும் நயங்களுக்கு என்னென்ன பெயர் என்று அவள் கற்றிருந்தாள்.

"மெட்டஃபராம்! ஐரனியாம்! பெரிய படிப்பு!" என்று முணுமுணுத்தாள் வெள்ளையம்மாள். பிடித்த மீன்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

"நீங்களும் வாங்க அக்கா, சேர்ந்தே கேட்கலாம்!" என்றாள் மைனா.

"உன் தயவில் நான் படிக்கணுமா? போடி!"

ஒருநாள் காட்டுத் தலைவர் யானையார் சொன்னார்: "பிள்ளைகளுக்கு இலக்கியம் சொல்லித்தர ஆள் வேண்டும். நாளைக் காலையில் கேள்வி கேட்பேன். சரியாகச் சொல்பவர் எல்லாரும் ஆசிரியர்தான்!"

மைனாவிடம் போன பிள்ளைகள் திரும்பி வர இதுதான் வழி! வெள்ளையம்மாள் ஒருவருக்கும் சொல்லாமல் கல்லூரிக்குப் பறந்தாள். ஜன்னலில் ஒற்றைக்காலில் நின்றாள். ஆசிரியை ஒவ்வொரு பெயராகச் சொல்லி விளக்கினார். ஆனால் கொக்கின் கண் மைனாவின் கூட்டிலேயே இருந்தது. 'எவ்வளவு மெத்தென்று கட்டியிருக்கிறாள், பாவி!' என்று பொருமினாள். பெயர்கள் மட்டும் காதில் விழுந்தன.

மறுநாள் யானையார் கேட்டார்: "சிமிலி என்றால் என்ன?"

கேட்ட பெயராயிற்றே! சந்தையில் கூடைக்காரி 'சிமிலி, சிமிலி' என்று கூவி விற்றதும் நினைவுக்கு வந்தது. கொக்கு முந்திக்கொண்டாள்.

"இதுகூடவா தெரியாது? கேழ்வரகு அடையோடு வேர்க்கடலை, வெல்லம் போட்டு இடித்து உருட்டுவார்கள். அதுதான் சிமிலி!"

"அக்கா, எனக்கு ரெண்டு உருண்டை!" என்றது குரங்கு. குளமே சிரித்தது. மைனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"வாயை மூடுடி! நீ சிரிப்பது ஓட்டைத் தகரத்தில் கல் உருளுகிற மாதிரி இருக்கு!"

மைனா துள்ளினாள். "அக்கா! இதுதான் சிமிலி! ஒன்றை இன்னொன்று மாதிரி இருக்கு என்று சொல்வது! யானையாரிடம் அப்படியே சொல்லுங்க!"

யானையாரும் காதை விரித்துக் காத்திருந்தார். ஒரு வார்த்தை போதும், அவளும் ஆசிரியைதான்.

"நீ எடுத்துக்கொடுத்து நான் சொல்வதா?" என்று கொக்கு சிறகை விரித்துப் பறந்தே போய்விட்டாள். பிள்ளைகள் மைனாவைச் சுற்றி உட்கார்ந்தன.

பொறாமையோடு கேட்கும் காதுக்குப் பெயர் மட்டுமே எட்டும், பொருள் எட்டாது.