மலையேரிப் பள்ளியின் அழைப்பு

அல்லிக்குளத்தில், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவையான நாமக்கோழி ஒன்று இருந்தது. அதன் மகள் குமிழிக்கு முக்குளிக்கத் தெரியாது. தண்ணீருக்குள் ஒளியத் தெரியாத குஞ்சைப் பருந்து சும்மா விடுமா? வானத்தில் நிழல் ஆடினாலே தாய் குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும்.

அதே குளத்தில் முக்குளிப்பான் பறவை, முக்குளிக்கக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றை நடத்தியது. "குமிழிக்கு இடம் வெச்சிருக்கேன் அக்கா. பௌர்ணமிக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க!" என்றது.

அன்றைக்கே ஒரு மைனா பறந்து வந்தது.

"மலையேரி நீர்க்காகப் பள்ளியிலிருந்து வர்றேன். குமிழி! உன்னை மாதிரி ஒரு குஞ்சைத்தான் எங்க பள்ளி தேடிக்கிட்டிருக்கு!"

தாய்க்குத் தலைகால் புரியவில்லை. மலையேரிப் பள்ளி என்றால் சும்மாவா! மறுநாளும் மைனா வந்தது. "குமிழி! இன்னுமா கிளம்பல? உனக்காகத்தான் காத்திருக்கோம்!"

கரையில் கிடந்த ஆமை சிரித்தது. "என்கிட்டயும் வந்துச்சு தாயி. 'ஆமையே, உன் இறக்கை அழகுல சொக்கிட்டோம்'னுச்சு. எனக்கு ஏது இறக்கை?"

"உனக்குப் பொறாமை!" என்றது நாமக்கோழி. நேரே முக்குளிப்பானிடம் போய், "உங்க இடம் வேண்டாம். எங்களைப் பெரிய இடத்துல கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டது.

மலையேரி வாசலில் கால் வைக்க இடமில்லை. காட்டிலுள்ள குஞ்சுகளெல்லாம் அங்கேதான் நின்றன. சேர வந்த குஞ்சு ஓர் இறகைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டுமாம். குமிழி வலியில் வீறிட்டது.

"பொறுத்துக்கடி கண்ணு, உன்னைத்தான் தேடிக் கூப்பிட்டிருக்காங்களே!"

சாயங்காலம் தலைமை நீர்க்காகம் வெளியே வந்தது. கூட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குஞ்சுகளை மட்டும் உள்ளே விட்டது. "மத்தவங்க போகலாம்!"

"ஏங்க! நீங்கதானே தினமும் ஆள் விட்டுக் கூப்பிட்டீங்க!" என்றது நாமக்கோழி.

"வரச் சொன்னோம். சேர்த்துக்கறோம்னு சொன்னோமா?"

"சேர்க்காத பிள்ளையை எதுக்குய்யா வரச் சொன்னே?"

நீர்க்காகம் இறகுக் குவியலைப் பெருமையாகப் பார்த்தது. "இத்தனை பேரைத் திருப்பி அனுப்பினாத்தானே இது பெரிய பள்ளி!"

நாமக்கோழியின் நெற்றி வெள்ளைகூடச் சிவந்துவிடும் போலிருந்தது.

"எம்புள்ள இறகைப் பிடுங்கி உன் பேரை வளர்க்கிறியா? வெட்கமா இல்ல? ஆசை காட்டி வரவழைச்சு வாசலோட விரட்டுறதுக்குப் பேரு பள்ளியா? தூ!"

நீர்க்காகம் காதிலேயே வாங்கவில்லை. உள்ளே போய்விட்டது.

குளத்துக்குத் திரும்பினால், குமிழியின் இடம் ஒரு வாத்துக்குஞ்சுக்குப் போயிருந்தது. "நீங்கதானே வேண்டாம்னீங்க அக்கா! இனி அடுத்த மழைக்குத்தான்" என்றது முக்குளிப்பான்.

அந்த வாரமே பருந்து இறங்கியது. பள்ளிக் குஞ்சுகள் அத்தனையும் 'களுக்' என்று தண்ணீருக்குள் மறைந்தன. குமிழி மட்டும் அல்லி இலை நடுவே தனியாக நின்றது.

தாய் பாய்ந்து வந்து மகளை மறைத்தது. மலையேரியில் மூண்ட கோபத்தையெல்லாம் கால்களுக்குக் கொண்டுவந்து, பருந்தின் முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்தது.

"தொட்டுப் பாருடா! மலையேரியில ஒரு தடவை ஏமாந்தது போதும்!"

பருந்து தாயின் முதுகைக் கீறிவிட்டு, இரை கிடைக்காமல் பறந்தது. குமிழி பிழைத்தது. அடுத்த மழை வரும்வரை தாய் கண்ணை மூடித் தூங்கவில்லை.

நூறு முறை 'வா' என்று கூப்பிட்டாலும் அது இடம் கொடுத்ததாகாது; அதை நம்பி, கிடைத்த இடத்தை விட்டுவிடக் கூடாது.